ஆற்றில் இல்லாத மீனை வீட்டுத் தொட்டியில் வைத்திருந்தவர்கள்

நீளமான பதிவு உறவுகளே. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

1998ஆம் ஆண்டு ஒரு சின்ன மீன் தொடர்பாக இரண்டு விடயங்கள் நடந்தன. ஷேன் வெப், ரொபர்ட் மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் அதற்கு முதன்முதலாக ஒரு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஐவன் டிபிள் என்ற ஆங்கிலேய மீன் வளர்ப்பாளர் அந்த மீனில் ஐந்து சோடிகளை இங்கிலாந்திலிருந்து மெக்சிக்கோவுக்குக் கொண்டு போய், மொரேலியா நகரிலுள்ள மிச்சொவாக்கான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தார்.

அந்த மீனின் சொந்த நாடே மெக்சிக்கோதான். உலகத்தில் வேறெங்கும் அது இருந்ததில்லை. அப்படியிருக்க, அதை ஏன் இங்கிலாந்திலிருந்து கொண்டு போக வேண்டும்? அந்த மீன் வாழ்ந்த ஆற்றில் அது இல்லாமல் போயிருந்தது. உயிரோடு எஞ்சியிருந்தவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில்தான் இருந்தன.

பிள்ளைகளுக்கு 'அழிந்துபோன விலங்குகள்' பாடம் நடத்தும்போது டோடோப் பறவையையும் மமூத் யானையையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அழிவின் வாசல் வரை போய்த் திரும்பிய ஒரு மீனின் வரலாற்றையும், அதைத் திருப்பிக் கொண்டுவந்த சாதாரண மனிதர்களின் வரலாற்றையும் இன்று பார்ப்போம்.

*மலையும் ஆறும் மீனும்*

மெக்சிக்கோவின் மேற்கே ஹலிஸ்கோ என்று ஒரு மாநிலம். அங்கே டக்கீலா என்று ஓர் எரிமலை நிற்கிறது. டக்கீலா என்றதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த மதுவகைக்கும் அப்பகுதியின் பெயர்தான் வந்திருக்கிறது. மீனுக்கு வந்தது எரிமலையின் பெயர். சூகோனெட்டிகஸ் டக்கீலா என்பது அதன் முழு விஞ்ஞானப் பெயர்.

அந்த எரிமலைக்குத் தெற்கே தெயுச்சித்லான் என்ற சிறிய ஊர் இருக்கிறது. குவாச்சிமொந்தோனெஸ் என்று அழைக்கப்படும் வட்ட வடிவான பழங்காலப் படிமேடைகளைப் பார்க்க அங்கே உல்லாசப் பயணிகள் வருவார்கள். ஊரிலே நிலத்தடி ஊற்றுகள் உண்டு. அவற்றிலிருந்து புறப்படும் தெயுச்சித்லான் ஆறு கொஞ்சத் தூரமே ஓடி ஒரு நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. நம்மூர் ஓடைகளோடு ஒப்பிட்டாலும் அப்படியொன்றும் பெரிய ஆறல்ல. ஆனால் இந்த மீனுக்கு அதுதான் உலகம்.

உள்ளங்கையில் அடங்கும் மீன். எவ்வளவு வளர்ந்தாலும் 7 சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஆண் மீனின் வாலோரத்தில் பிறை போல ஒரு செம்மஞ்சள் பட்டை இருக்கும். அதைப் பார்த்து ஊரார் அதற்குக் 'கய்யீத்தோ', அதாவது 'சின்னச் சேவல்', என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1990களில் அது ஆற்றில் காணக் கிடைக்காமல் போனது. நீர் மாசடைந்தது, ஆற்றையும் ஊற்றையும் மனிதர் பயன்படுத்திய விதம், வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் என்று பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தேடியபோது ஏறக்குறைய 4 மீற்றர் அகலமான ஒரேயொரு ஊற்றுக் குட்டையில் 50க்கும் குறைவான வளர்ந்த மீன்கள்தான் தென்பட்டன. ஒரு வகுப்பறையை விடச் சிறிய தண்ணீர். ஒரு கோடை வற்றினால், ஒரு போத்தல் பூச்சிமருந்து கொட்டுப்பட்டால் கதை முடிந்துவிடும்.

அந்த நாட்களில் ஊரிலே முதியவர்களுக்கு மட்டுந்தான் 'சின்னச் சேவல்' என்ற பெயர் நினைவிருந்ததாக, அப்போது மாணவராக இருந்து பின்னர் இந்தப் பணியை முன்னின்று நடத்திய ஆய்வாளர் ஒமர் தொமிங்கஸ் சொல்லியிருக்கிறார். இந்த விடயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

*ஏன் இந்த மீனைக் கடையில் காண முடியாது*

இந்த மீன் 'கூடீட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜோர்ஜ் பிரவுன் கூட் என்ற அமெரிக்க மீனியல் அறிஞரின் பெயரால் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது. அதில் ஏறக்குறைய 40 இனங்கள் உண்டு. மிகப் பெரும்பாலானவை மத்திய மெக்சிக்கோவின் மேட்டு நிலங்களில் வாழ்பவை. ஒரே ஊற்று, ஒரே ஓடை, ஒரே ஏரி என்று மிகச் சிறிய இடங்களில் ஒதுங்கி வாழும் இனங்கள் பல. அதனால் ஓர் ஊற்று கெட்டால் ஓர் இனமே போய்விடும்.

கப்பி மீனைப் போல இவையும் குட்டி போடும். ஆனால் முக்கியமான வேறுபாடுகள் இரண்டு உண்டு. கூடீட் குஞ்சுகள் தாயின் வயிற்றில் இருக்கும்போது நாடா போன்ற உறுப்புகள் மூலம் தாயிடமிருந்தே ஊட்டம் பெறுகின்றன. அதனால் பிறக்கும்போதே குஞ்சுகள் பெரிதாக இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கும். அடுத்தது, பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தைச் சேமித்து வைத்துப் பல முறை குட்டி போடும். கூடீட் பெண் மீனுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் ஆண் வேண்டும். ஒரு தொட்டியில் ஆண்கள் எல்லாம் செத்துப்போய், சினையில்லாத பெண் மீன் ஒன்று மட்டும் எஞ்சினால், அந்தத் தொட்டியின் வரலாறு அத்தோடு முடிந்தது.

இப்போது ஒரு மீன்பண்ணைக்காரரின் பக்கம் நின்று யோசியுங்கள். குட்டி குறைவு. நிறம் அடக்கமானது. வாங்குபவர் கேட்பதோ நியோன், கப்பி, ஏஞ்சல், கோல்ட்பிஷ். அவர் ஏன் இதை வளர்க்க வேண்டும்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. வியாபாரம் என்பது விற்பதைத்தான் வளர்க்கும்.

ஆகவே கூடீட் மீன்களைக் காத்தவர்கள் வியாபாரிகள் அல்லர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பின்னறையிலோ வாகனக் கொட்டிலிலோ வரிசையாக அடுக்கிய தொட்டிகளுக்கு முன்னால் நின்றவர்கள்தான் காத்தார்கள். சந்தையில் விலை இல்லாத மீனை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு பொலித்தீன் பையில் ஆறு மீன் கைமாறும். மூன்று வருடம் கழித்து, கொடுத்தவரின் தொட்டியில் நோய் வந்து எல்லாம் செத்துவிட்டால், வாங்கியவரிடமிருந்து ஆறு மீன் திரும்பி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகாமல் இருந்ததால்தான் 1998இல் ஐந்து சோடி கிடைத்தது.

*கடையில் நிறைந்திருந்தால் போதுமா?*

"வியாபாரத்தில் இருக்கும் மீன் அழியாதுதானே?" என்று யாராவது கேட்கலாம். இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். இரண்டுமே நமது மீன் கடைகளில் நாம் அடிக்கடி பார்ப்பவை.

வைட் கிளவுட் என்று ஒரு சிறிய மீன். சீனாவின் குவாங்சூ நகரை அண்டிய வெண்முகில் மலையில் டான் காம் ஃபெய் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்த மீன் அது. 1932இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது அவருடைய பெயரையும் மலையின் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். மலிவாகக் கிடைத்ததால் 'ஏழைகளின் நியோன்' என்று மேற்கு நாடுகளில் சொல்வார்கள். 1980க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது காட்டில் முற்றாக அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டது. பின்னர்தான் குவாங்டொங் மாகாணத்திலும் ஹைனான் தீவிலும் சில சிறு கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவ்வளவு காலமும் உலகெங்கும் வீடுகளில் அது சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தது!

அடுத்தது, கறுத்த உடலும் சிவந்த வாலும் கொண்ட 'ரெட் டெயில் சார்க்'. தாய்லாந்து மீன். அதுவும் இயற்கையில் அழிந்துவிட்டதென்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்றும் மிக அரிதாக ஓரிரு இடங்களில்தான் உண்டு. கடைகளுக்கு வருபவை எல்லாம் பண்ணையில் பெருக்கியவை.

இவை இரண்டும் அழியாமல் இருப்பது நல்ல விடயம்தான். ஆனால் பண்ணை மீனில் ஒரு குறை உண்டு. அது எந்த ஓடையிலிருந்து வந்தது என்ற விபரம் பண்ணையில் இருக்காது. நிறம் கூடியதைத் தெரிந்தெடுப்பார்கள். நீண்ட செட்டை உள்ளதைத் தனியே பெருக்குவார்கள். பல இடத்து மீன்களைக் கலந்துவிடுவார்கள். முப்பது நாற்பது தலைமுறை கழிந்தபின் அது கண்ணாடித் தொட்டிக்கென்றே ஆன மீன். ஆற்றுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல.

அரிய மீன் வளர்ப்போர் இதை மிகவும் முன்பே உணர்ந்திருந்தார்கள். குறிப்பாகக் 'கில்லி' மீன் வளர்ப்போர். ஆபிரிக்காவில் மழைக்காலத்தில் மட்டும் நிறையும் குட்டைகளில் வாழும் சில கில்லி இனங்கள், குட்டை வற்றுமுன் முட்டைகளைச் சேற்றில் புதைத்துவிட்டு இறந்துவிடும். அந்த முட்டைகளை ஈரமான மக்கிய நாரில் வைத்து, சிறு பொதியாகத் தபாலில் நாடு விட்டு நாடு அனுப்பினார்கள். அனுப்பும்போது மீனின் பெயரோடு ஊரின் பெயரையும் பிடித்த ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். 'ரக்கோவி, பெய்ரா 98' என்று ஒரு பொதியில் எழுதியிருந்தால் மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்கருகில் 1998இல் பிடித்த மீன்களின் வழிவந்த முட்டைகள் என்று பொருள். அதை வேறோர் ஊரின் அதே இன மீனோடுகூடக் கலக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

கூடீட் வளர்ப்போரும் இந்த ஒழுங்கைப் பின்பற்றினார்கள். 2009இல் மீன் வளர்ப்போர், விஞ்ஞானிகள், பொது மீன்காட்சியகங்கள் ஒன்றுசேர்ந்து கூடீட் செயற்குழு என்ற சர்வதேச அமைப்பை உருவாக்கினார்கள். எந்த இடத்து மீன் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் பேணுவது அதன் முக்கியமான வேலை.

ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையைப் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் அறுந்தால், கையில் இருப்பதன் பெறுமதியும் குறைந்துவிடும்.

*ஒரு வீட்டில் இருந்தால் எங்கும் இல்லாததற்குச் சமம்*

இப்படி ஆட்களை நம்பியிருக்கும் பாதுகாப்பில் பெரிய ஆபத்தும் உண்டு. மனிதருக்கு நோய் வரும். வீடு மாறுவார். பிள்ளை பிறந்தபின் நேரம் கிடைக்காது. மௌத்தாகிவிட்டால் வீட்டார் தொட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மீனின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. 2022இல் நம் நாட்டில் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு இருந்தபோது எயார் பம்ப் நின்ற தொட்டிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று மீன் வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னோர் ஆபத்து மெதுவாக வருவது. ஐந்து சோடி என்றால் பத்து மீன். அந்தப் பத்து மீன்களின் உடலில் இருந்த பரம்பரை வேறுபாடுகளை விடக் கூடுதலாக அவற்றின் சந்ததிக்கு எதுவும் கிடைக்கப் போவதில்லை. அதிலும் ஒரே தொட்டியில் அண்ணன் தங்கை வழியாகவே பல தலைமுறை போனால் இருப்பதும் தேய்ந்துவிடும். ஆகவே பெரிய கூட்டமாக வைத்திருக்க வேண்டும்; பல வீடுகளில் வைத்திருக்க வேண்டும்; இடைக்கிடை வீட்டுக்கு வீடு மீன் மாற்றிக்கொள்ள வேண்டும். மேட்டுநில மீன் என்பதால் கூடீட்டுக்கு ஆண்டு முழுவதும் சூடான தண்ணீரும் ஒத்துவராது; குளிர்காலத்தில் கொஞ்சம் குளிர வேண்டும். இவையெல்லாம் கடையில் ஒரு மீன் வாங்கிப் பார்த்து ரசிப்பவருக்குத் தேவையில்லாத தலையிடி. பொறுப்பெடுத்தவருக்கு அதுதான் வேலையே.

அமெரிக்காவில் 2004இல் கிளோடியா டிக்கின்சன் என்ற மீன் வளர்ப்பாளர் 'கெயார்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியதற்கும் காரணம் இதுதான். ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அவற்றில் ஒன்றையாவது உங்கள் தொட்டிகளில் ஒன்றில் வளருங்கள், மற்றவருக்கும் பகிருங்கள் என்று சங்கங்களைக் கேட்டார்கள். வளர்ப்பவரின் பெயர் பதியப்படும், சான்றிதழும் கிடைக்கும். ஆசிரியர்களுக்குத் தெரியும், ஒரு சின்னச் சான்றிதழ் மனிதரை எவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று!

*யாரும் வைத்திராத மீன்கள்*

இந்த முயற்சிகளின் பெறுமதி விளங்க வேண்டுமானால், இவை கைகூடாத ஓர் இடத்தையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரி. அங்கே சிக்லிட் குடும்பத்துச் சிறு மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாக வாழ்ந்தன. 1950களிலும் 60களிலும் அந்த ஏரியில் நைல் பேர்ச் என்ற பெரிய இரைகௌவி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். மீன்பிடித் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம். தொழில் வளரத்தான் செய்தது. ஆனால் 1980களில் நைல் பேர்ச் பெருகியபோது சிக்லிட்கள் கூட்டங் கூட்டமாக மறைந்தன. ஏரிநீர் மாசடைந்து கலங்கியதும் சேர்ந்துகொண்டது. இருநூறு இனங்கள் அளவில் அழிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில் ஏரியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இனங்கள் அவ்வளவு அதிகம் என்பதால் முறையான விஞ்ஞானப் பெயர் வைக்க நேரம் போதாமல் தற்காலிகப் பட்டப்பெயர்களால் குறித்து வைத்தார்கள். அப்படிப் பட்டப்பெயரோடு மட்டும் மறைந்துபோனவை உண்டு.

1990களில் வட அமெரிக்க மீன்காட்சியகங்கள் எஞ்சிய சில இனங்களைக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்ய முனைந்தன. வீட்டு வளர்ப்போரும் கைகொடுத்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களுக்கு அது உதவியது. மற்றவை? வீடுகளில் யாரும் வைத்திருக்கவில்லை. திருப்பிக் கொடுக்க ஐந்து சோடி யாரிடமும் இல்லை.

*திரும்பிப் போன பயணம்*

மெக்சிக்கோவுக்கு வருவோம். மொரேலியாவின் ஆய்வுகூடத்துக்கு 'மீன் பேழை' என்று பெயர். இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலை அதற்குத் துணை நின்றது. பத்து மீன்கள் பெருகி, பதினைந்து ஆண்டுகளளவில் அங்கே ஒரு நிலையான கூட்டம் உருவானது.

ஆனால் தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்த மீனை நேரே ஆற்றில் விட்டால் செத்துவிடும் என்றுதான் பலர் சொன்னார்கள். சொன்னதில் நியாயமும் இருந்தது. வேளாவேளைக்குத் தூளுணவு வாங்கித் தின்ற மீனுக்கு எதிரியைத் தெரியாது, ஒட்டுண்ணியைத் தெரியாது, பசியைத் தெரியாது. அதனால் ஓர் இடைப்படி வைத்தார்கள். 2012இல் 40 ஆண், 40 பெண் மீன்களைச் செயற்கைக் குளத்தில் விட்டார்கள். அங்கே உணவு கூடும், குறையும், போட்டி இருக்கும், எதிரிகள் இருக்கும். சில ஆண்டுகளுக்குள் அந்த 80 மீன்கள் 10,000 அளவுக்குப் பெருகின. அந்த வெற்றியைக் காட்டித்தான் அடுத்த கட்டத்துக்குப் பணம் தேடினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் உள்ள அமைப்புகள் உதவின.

பிறகு ஆறு. தண்ணீரின் தரம், ஒட்டுண்ணிகள், மற்ற மீன்களோடு போட்டி எல்லாவற்றையும் படித்தார்கள். வெளியூர் மீன்களைப் பிடித்து அகற்றினார்கள். முதலில் மிதக்கும் கூடுகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஏறக்குறைய 1,500 மீன்களை ஊற்றுகளிலும் ஆற்றிலும் விட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் எண்ணிக்கை 55 வீதம் கூடியது. 2021 டிசம்பரில் இந்த வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது மீன்கள் ஆற்றின் புதிய பகுதிக்கும் பரவியிருந்தன.

விஞ்ஞானிகள் இத்தோடு நிறுத்தியிருந்தால் மீன் மறுபடியும் அழிந்திருக்கலாம். ஆற்றைக் கெடுத்ததும் மனிதர்தான், காக்க வேண்டியதும் அதே ஊர் மனிதர்தான். எனவே ஊர்ப் பிள்ளைகளிடம் போனார்கள். பொம்மலாட்டம், விளையாட்டு, படப்புத்தகம் என்று இந்த மீனை அவர்களின் சொந்தக்காரனாக ஆக்கினார்கள். 'ஆற்றின் காவலர்கள்' என்ற பெயரில் பிள்ளைகள் ஆற்றோரத்தைத் துப்புரவாக்கவும் தண்ணீரைக் கண்காணிக்கவும் தொடங்கினார்கள்.

அதே ஆற்றுக்குச் சொந்தமான இன்னொரு கூடீட் மீன் பொன்னிற ஸ்கிஃபியா. 1978இல் பெயரிடப்பட்டது, பின்னர் ஆற்றில் அழிந்துபோனது, அதுவும் வளர்ப்புத் தொட்டிகளில்தான் உயிர் பிழைத்தது. 2022 நவம்பரில் அதில் 1,200 மீன்களைத் தெயுச்சித்லான் ஆற்றில் விட்டார்கள். மெக்சிக்கோ மக்கள் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களை ஒட்டி அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

*நமது ஓடைகள்*

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக மூன்று மீன்களைச் சொல்கிறோம்.

செரி பார்ப். உலகெங்கும் மீன் கடைகளில் கிடைக்கும் இந்தச் செந்நிற மீன் இலங்கைக்கே உரியது. களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையான ஈரவலய நிழலோடைகள்தான் அதன் வீடு. 1929இல் தெரணியகல என்ற நம் நாட்டு அறிஞரே அதற்குப் பெயர் வைத்தார். 'தித்தயா' என்ற சிங்களச் சொல்லையே விஞ்ஞானப் பெயரிலும் சேர்த்தார்.

இரண்டாவது, 'புலத் ஹப்பயா'. வெற்றிலை சப்புபவன் என்று அர்த்தம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்துவிடும். இதுவும் இலங்கைக்கே உரியது. அலங்கார மீன் வியாபாரத்துக்காக ஓடைகளிலிருந்து அளவுக்கு மீறி அள்ளப்பட்டதால் குறைந்துபோன மீன் இது. வளர்ப்போரின் ஆசை காக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது.

மூன்றாவது, பந்துல பார்ப். 1991இல்தான் விஞ்ஞானப் பெயர் பெற்றது. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட பகுதியில், வயலுக்கும் றப்பர் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒரு சிற்றோடை அதன் உலகம். தெயுச்சித்லான் ஆற்று மீனின் நிலைமையை அப்படியே நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் இதுதான். மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகவேண்டாம். பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். கூடீட் மீனைக் காத்தவர்கள் ஆற்றிலிருந்து திரும்பத் திரும்ப அள்ளவில்லை; ஏற்கெனவே கையில் இருந்ததைச் செத்துப்போக விடாமல் பெருக்கிப் பகிர்ந்தார்கள்.

அதேபோல் வளர்த்து அலுத்த மீனை ஆற்றிலோ குளத்திலோ விடவும் வேண்டாம். 'பாவம், உயிரோடு விடுவோம்' என்ற இரக்கத்தில்தான் பலர் விடுகிறார்கள். டேங்க் கிளீனர் என்று நாம் அழைக்கும் மீனும் நைப் பிஷ்ஷும் தொட்டிகளுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தவை. இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. தெயுச்சித்லானில் வெளியூர் மீன் செய்த வேலையை இங்கே அவை செய்கின்றன. வைத்திருக்க முடியாவிட்டால் இன்னொரு வளர்ப்பாளரிடம் அல்லது கடையில் கொடுத்துவிடுங்கள்.

மீன் வளர்க்கும் தம்பிமார் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் கொஞ்சம் அரிதான மீன் எது இருந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். அது எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே வகையாகத் தெரிந்தாலும் வேறிடத்து மீனோடு கலக்காதீர்கள். குட்டி வந்ததும் குறைந்தது இரண்டு வீடுகளுக்குக் கொடுத்துவையுங்கள். ஐவன் டிபிள் கொண்டுபோன ஐந்து சோடிக்குப் பின்னால், பெயர் பதிவாகாத எத்தனையோ பேர் இந்த மூன்றையும் செய்திருக்கிறார்கள். தம் கையில் இருப்பது ஒருநாள் ஓர் ஆற்றுக்குத் தேவைப்படும் என்று தெரிந்து செய்தவர்களும் அல்லர். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

முன்னர் மனதில் வைக்கச் சொன்ன விடயத்துக்கு வருவோம். 1990களில் தெயுச்சித்லானின் முதியவர்களுக்கு மட்டுமே 'சின்னச் சேவல்' என்ற பெயர் தெரிந்திருந்தது. இடையில் ஒரு தலைமுறைக்கு அந்த மீனும் இல்லை, பெயரும் இல்லை. இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கின்றன.

நம்மூர்களிலும் ஓடை, வாய்க்கால், குளம், வில்லு என்று எத்தனையோ நீர்நிலைகள். அவற்றில் இருந்த மீன்களுக்கு உம்மம்மாமாரும் அப்பாமாரும் எத்தனையோ பெயர் வைத்திருந்தார்கள். இந்த வாரம் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஊரின் பெயரோடும் நீர்நிலையின் பெயரோடும் கீழே எழுதுங்கள். இப்போது அந்த மீனைக் காண்பதில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஊர் ஊராகப் பிரித்து, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பட்டியலாகத் தொகுத்து இதே பக்கத்தில் பதிவிடுகிறோம்.